கடிதம் தருகிற கம்பனியா, கோட் பார்க்கிற கம்பனியா?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். மூன்றாம் வருடம் முடிகிறது. ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு இடம் பிடிக்க வேண்டும். சித்தப்பாவின் சிநேகிதர் டவுனில் கம்பனி வைத்திருக்கிறார். “ஒவ்வொரு நாளும் வரத் தேவையில்லை, கடிதமும் கையெழுத்தும் நான் தாறன்” என்கிறார். அப்பாவுக்கும் அதுதான் விருப்பம், வீட்டில் இருந்து படிக்கலாமாம். இதற்கிடையில் கொழும்புக் கம்பனி ஒன்று கியூ.ஏ. (மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிக்கிற) இன்டர்ன் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் தருகிற மாதக் கொடுப்பனவு அறைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும். கியூ.ஏ.க்குப் போனால் பிறகு டெவலப்பர் ஆக ஏலாது என்று பட்ச் பெடியள் சொல்லுகிறார்கள். எனக்குச் சிங்களம் தெரியாது. ஆங்கிலம் வாசிப்பேன், பேச வராது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற சின்னக் கம்பனி ஒன்றில் கேட்டுப் பார்க்கலாம் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். எதைத் தெரிவது?
— மாணவி, நெல்லியடி

பதில்:

பிள்ளை,

சித்தப்பாவின் சிநேகிதர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஊரில் ஒருவருக்கொருவர் செய்கிற உதவி. ஆனாலும் அந்தக் கடிதம் வேண்டாம். நேர்மையைப் பற்றி நான் பிரசங்கம் வைக்கப் போவதில்லை, அதை வீட்டிலேயே சொல்லி வளர்த்திருப்பார்கள். வெறும் கணக்காகப் பார்த்தாலே அது நட்டம். அவருக்கு நன்றி சொல்லும். அடுத்த வருடம் இறுதியாண்டுப் புரொஜெக்டுக்கு உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் தேவைப்படும்போது அவரிடம் போகலாம். அந்த உதவியை அவரும் சந்தோசமாகச் செய்வார்.

ஏன் நட்டம் என்றால், ஆறு மாதத்துக்குப் பயிற்சிக் குறிப்பேடு நிரப்ப வேண்டும் அல்லவா? வேலைக்குப் போகாதவர் எழுதும் குறிப்பேடு எப்படி இருக்கும் என்று எந்த விரிவுரையாளருக்கும் தெரியும். “இன்று எச்.டி.எம்.எல். பற்றி அறிந்தேன்.” “இன்று டேட்டாபேஸ் பற்றி அறிந்தேன்.” அடுத்த கிழமையும் அதே அறிதல்தான். வேலை செய்தவரின் குறிப்பு இப்படி வரும்: “பில்லின் மொத்தம் சில வேளைகளில் ஒரு சதம் பிழைக்கிறது என்று வாடிக்கையாளர் முறையிட்டார். ஜாவாஸ்கிரிப்டில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் 0.3 வருவதில்லை, 0.30000000000000004 வருகிறது. 0.1 ஐத் துவித எண்ணில் மிச்சமில்லாமல் எழுத முடியாததே காரணம். தொகைகளை எல்லாம் சதமாக்கி முழு எண்ணில் வைக்கும்படி மாற்றினேன். பழைய பில்களை எடுத்துத் திரும்பக் கணக்குப் பார்த்தேன்.” இது வீட்டில் இருந்து கற்பனையில் எழுதக்கூடிய விசயம் இல்லை. ஒரு வருடம் கழித்து வேலைக்கான நேர்முகத்தில், “இன்டர்ன்ஷிப்பில் உங்களைக் கனக்கக் கஷ்டப்படுத்தின பிழை எது?” என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த நேரம் மேசையில் இருக்கிற கடிதம் வாய் திறக்காது.

மிச்சம் இரண்டு இடம். கொழும்பா யாழ்ப்பாணமா, பெரிய கம்பனியா சின்னக் கம்பனியா என்று எல்லாரும் உம்மைக் குழப்புவார்கள். அந்த இரண்டு கேள்வியையும் இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டு, நீர் போகிற இடத்தில் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடும்: நான் செய்த வேலையை யார் வாசிப்பார்?

கம்பஸில் நாங்கள் எழுதுகிற புரோகிராம் ஓடினால் புள்ளி, ஓடாவிட்டால் இல்லை. அதற்குப் பிறகு அதை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. எழுதினவர்கூடப் பார்ப்பதில்லை. ஒழுங்கான கம்பனியில் இன்டர்ன் எழுதுகிற பத்து வரிகூட நேரே சேர்வருக்குப் போகாது. கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் என்ற கருவியில் தனியாக ஒரு கிளை எடுத்து, மாற்றத்தைச் செய்து, புல் ரிக்வெஸ்ட் ஒன்று, அதாவது இதைச் சேர்க்கலாமா என்ற கோரிக்கை, போட வேண்டும். சீனியர் ஒருவர் அதை வரி வரியாகப் பார்த்துப் பக்கத்திலேயே குறிப்பு எழுதுவார். “இந்த மாறிக்கு டேட்டா2 என்று ஏன் பெயர்? டேட்டா1 எங்கே?” “பெயர் வெறுமையாக வந்தால் இந்த இடத்தில் என்ன நடக்கும்?” “டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கோடுக்குள் எழுதியிருக்கிறீர். இப்போது அழித்தாலும் பழைய கமிட்டில் (சேமித்த பதிவில்) அது அப்படியே கிடக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும்.” பத்து வரிக்குப் பதினைந்து குறிப்பு வரும். முதல் கிழமை அழுகை வரும், வரட்டும். மூன்றாம் மாதம் அந்தக் கேள்விகளைச் சீனியர் கேட்பதற்கு முன்னமே நீர் உம்மிடம் கேட்கத் தொடங்கியிருப்பீர். இன்டர்ன்ஷிப்பில் கிடைக்கிற முதல் சொத்து அதுதான். புதிய மொழி, புதிய ஃபிரேம்வேர்க் எல்லாம் யூடியூபிலும் கிடைக்கும்.

இந்த அளவுகோலை முதலில் திருநெல்வேலிக் கம்பனிக்கு வைத்துப் பார்ப்போம். சின்னது என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். டவுனிலும் திருநெல்வேலி, கொக்குவில் பக்கமும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்கிற சிறிய கம்பனிகள் இருக்கின்றன. ஐந்தாறு பேர் இருக்கிற இடத்தில் இன்டர்னுக்கும் உண்மையான வேலைதான் கிடைக்கும். வாடிக்கையாளரோடு பேசவும் விடுவார்கள். பெரிய கம்பனியில் இரண்டு மாதம் பயிற்சி வகுப்பில் குந்தியிருக்கிற நேரத்தில், இங்கே நீர் செய்த பக்கம் ஒன்றை ரொறன்ரோவில் யாரோ பாவித்துக்கொண்டிருப்பார்கள்.

சின்ன இடத்துக்கு உரிய ஆபத்தும் உண்டு. சில இடங்களில் முதலாளி ஒருவர், மற்ற எல்லாரும் இன்டர்ன். இணையத்தளம் கட்டுகிற வேர்ட்பிரஸ்ஸில் ஆயத்தமாக இருக்கிற தீம் ஒன்றை எடுத்து, படத்தையும் கடைப் பெயரையும் மாற்றிக் கொடுப்பதே ஆறு மாதமும் வேலை. ஒரு தரம் செய்தால் பழக்கம், இருபது தரம் செய்தால் இலவசக் கூலி. இதை எப்படி முன்கூட்டி அறிவது? போய்க் கேட்பதுதான். “இங்கே கிட் பாவிக்கிறீர்களா? என்னுடைய கோடை ரிவியூ செய்வது யார்? அவர் எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறார்? போன முறை வந்த இன்டர்ன் என்ன செய்தார், அவரோடு நான் பேசலாமா?” இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடம் என்றால், உமக்கு விடை கிடைத்துவிட்டது. உமக்குச் சொன்ன அந்த அக்கா அங்கே வேலை செய்தவரா, இல்லாவிட்டால் கேள்விப்பட்டுச் சொன்னவரா என்பதையும் விசாரியும்.

இன்னொன்று, நேரம். ரொறன்ரோ வாடிக்கையாளருக்கு வேலை செய்கிற இடம் என்றால் அவர்களுடைய காலை ஒன்பதரை எங்களுக்குக் கோடையில் இரவு ஏழு மணி, மாரியில் எட்டு மணி. லண்டன் என்றால் வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது, சமாளிக்கலாம். நெல்லியடிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று உமக்குத்தான் தெரியும். இரவுக் கூட்டங்களுக்கு வீட்டில் இருந்தே ஒன்லைனில் சேரலாமா என்பதைச் சேர்வதற்கு முன்பே பேசிக்கொள்ளும். இதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. வேலை நேரத்தைப் பற்றிக் கேட்பது எந்த வேலையாளுக்கும் உரிய கேள்வி.

இனிக் கியூ.ஏ. உம்முடைய பட்ச் பெடியள் சொன்னதில் முக்கால்வாசி வீண் பெருமை. கோட் எழுதுகிறவன் பெரியவன், பிழை பிடிக்கிறவன் சின்னவன் என்கிற எண்ணம் கம்பஸ் கன்டீனோடு முடிந்துவிடும். ஒரு மென்பொருள் எங்கே உடையும் என்று யோசிக்கத் தெரிந்தவருக்கு எல்லா இடத்திலும் மரியாதை உண்டு. “லொகின் வேலை செய்யவில்லை” என்று எழுதுவது பிழை அறிக்கை இல்லை, முறைப்பாடு. “புதிதாகப் பதிந்தவர், தமிழில் பெயர் கொடுத்தவர், கைத்தொலைபேசிக் குரோமில் இரண்டாம் தரம் லொகின் செய்தால் வெள்ளைத் திரை வருகிறது. ஆங்கிலப் பெயர் என்றால் வருவதில்லை. முதல் தரமும் வருவதில்லை. சேர்வர் லொக்கில் 500 பிழை பதிவாகியிருக்கிறது” என்று எழுதுவது பிழை அறிக்கை. அந்த நாலு வரி எழுத, எழுதினவர் எத்தனை விதமாக முயன்று பார்த்திருக்க வேண்டும் என்று யோசியும். அதை வாசிக்கிற டெவலப்பர் நேரே பிழை இருக்கிற இடத்துக்குப் போவார். தமிழ்ப் பெயர் கொடுத்துப் பார்க்கிற எண்ணம் அந்தக் குழுவில் வேறு ஆருக்கும் வராமலும் இருக்கலாம்.

மிச்சக் கால்வாசியில் உண்மை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கியூ.ஏ. என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான வேலை உண்டு. ஒன்று, அட்டவணை ஒன்றைக் கையில் தந்து, இந்தப் பொத்தானை அமத்து, வந்ததா வரவில்லையா என்று அடையாளம் போடு என்பது. மற்றது, செலினியம் போன்ற கருவிகளால் சோதனைகளைக் கோடாகவே எழுதி ஓடவிடுவது, போஸ்ட்மேன் என்ற கருவியில் ஏ.பி.ஐ.களை, அதாவது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுகிற வழிகளை, சோதிப்பது, டேட்டாபேஸுக்குள் போய் எஸ்.கியூ.எல். என்ற அதன் கேள்வி மொழியில் எழுதிப் பார்ப்பது. முதலாவது மட்டும்தான் ஆறு மாதமும் என்றால் நான் யோசிப்பேன். இரண்டாவதும் கலந்திருந்தால் தயங்காமல் போம், ஏனென்றால் நீர் எழுதுகிற சோதனைக் கோடையும் அங்கே ஒருவர் ரிவியூ செய்வார். டெவலப்பர் ஆகும் வழி தானாகத் திறக்காது. சோதனைக் கோட் எழுதப் பழகி, நாலாம் மாதமளவில் “நான் கண்டுபிடித்த சின்னப் பிழை ஒன்றை நானே திருத்திப் பார்க்கட்டுமா?” என்று கேட்கிறவருக்குத் திறக்கும்.

காசு விசயத்தில் உம்முடைய கணக்குச் சரி. கொழும்பில் இன்டர்ன் ஆறு மாதம் இருந்து மிச்சம் பிடிப்பது நடக்காத காரியம். தனி அறையை மறந்துவிடும். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ சிநேகிதிகளோடு சேர்ந்து எடுக்கிற அறைதான் கட்டுப்படியாகும். மாதம் ஒரு தரம் ஊருக்கு வந்து போகிற செலவையும் சேர்த்து எழுதிப் பாரும், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கையில் இருந்து கொஞ்சம் போட வேண்டி வந்தால் அது வீட்டுக்குத் தாங்குமா என்று அப்பாவோடு இலக்கமாகவே பேசும். தாங்காது என்றால் திருநெல்வேலி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு சதமும் தராத இடத்தைப் பற்றி என் எண்ணம் கொஞ்சம் கடுமையானது. பஸ் காசாவது தர மனமில்லாதவர் உமக்காகத் தன்னுடைய நேரத்தைச் செலவழித்துக் கோட் பார்ப்பார் என்று நான் நம்பவில்லை. “பயிற்சிக் கட்டணம்” என்று உம்மிடமே காசு கேட்கிற இடம் இன்டர்ன்ஷிப் இல்லை, ரியூசன். அப்படியே திரும்பி வாரும். மூலச் சான்றிதழையோ அடையாள அட்டையையோ வாங்கி வைத்திருப்போம் என்றாலும் அப்படித்தான், பிரதி மட்டும் கொடும். ஒப்பந்தத்தில், பயிற்சி முடிந்த பிறகும் இத்தனை வருடம் இங்கே வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நட்டஈடு என்ற வரி இருக்கிறதா என்று பாரும். வாடிக்கையாளரின் தகவலை வெளியே சொல்லக்கூடாது என்ற வரி வழமையானது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

மொழி. சிங்களம் தெரியாதது தடை இல்லை. கொழும்புக் கம்பனிகளில் கூட்டமும் எழுத்தும் ஆங்கிலத்தில்தான். மத்தியானச் சாப்பாட்டு மேசைதான் சிங்களத்துக்கு மாறும். சில நேரம் கூட்டத்தின் நடுவிலும் மாறிவிடும், வேண்டுமென்று இல்லை, பழக்கத்தில். அந்த நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு ஒன்றும் விளங்காமல் தவிக்க வேண்டாம். “ஆங்கிலத்தில் ஒருக்கால் சொல்லுங்கோ” என்று சிரித்துக்கொண்டு கேளும், மாற்றிக்கொள்வார்கள். பஸ்ஸுக்கும் கடைக்கும் காணுமான சிங்களம் இரண்டு மாதத்தில் தானாக வரும்.

ஆங்கிலத்துக்கு மட்டும் இப்போதே கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். அகராதியை மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை. குழுக்களில் காலையில் சின்னக் கூட்டம் ஒன்று நடக்கும். ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியது மூன்றுதான்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எதில் தடக்குப்பட்டிருக்கிறேன். இன்றிரவு தொடங்கி, அன்று படித்ததை இந்த மூன்று வசனத்தில் ஆங்கிலத்தில் சொல்லிக் கைத்தொலைபேசியில் பதிந்து கேளும். முதல் பதிவைக் கேட்க உமக்கே சகிக்காது. நேர்முகத்துக்கும் அதே வழிதான். இரண்டாம் வருடத்தில் செய்த புரொஜெக்ட் ஒன்றை எடுத்து, அது என்ன, அதில் உம்முடைய பங்கு எது, எங்கே பிழைத்தது, எப்படித் திருத்தினீர் என்று இரண்டு நிமிடம் பேசிப் பழகும். குழுவாகச் செய்த புரொஜெக்டில் மற்றவர் செய்த பகுதியைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியில் அகப்படுகிறவர்கள் தான் அதிகம். எஸ்.கியூ.எல்.லில் ஜொயின் (இரண்டு அட்டவணைகளை இணைப்பது) கட்டாயம் வரும். பரீட்சை எழுதாத மாணவரின் பெயரும் பட்டியலில் வர வேண்டும் என்றால் ஏன் லெஃப்ட் ஜொயின் தேவை என்று உதாரணத்தோடு சொல்லத் தெரிந்தால், அந்தப் பகுதியில் பயமில்லை.

இரண்டு இடமும் சரிவராமல் போனால் என்ன செய்வது என்று கேட்பீர். திறந்த மூல மென்பொருள், அதாவது எவரும் கோடைப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள், பக்கம் ஒரு கதவு இருக்கிறது. அப்படியான மென்பொருளில் வழிகாட்டி ஒருவரோடு வேலை செய்து பழக விடுகிற கூகிள் சம்மர் ஒஃப் கோட் திட்டம் 2005 இல் தொடங்கியது. முதல் பத்து ஆண்டுகளில் உலகத்திலேயே கூடுதலான மாணவர்களை அதற்கு அனுப்பியது எங்கள் நாட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2022 இல் இருந்து மாணவர் மட்டுமல்ல, திறந்த மூலத்துக்குப் புதியவர் எவரும் விண்ணப்பிக்கலாம். 90, 175, 350 மணித்தியாலம் என்று மூன்று அளவில் வேலைகள் இருக்கும். நாட்டுக்கு நாடு வேறுபடுகிற கொடுப்பனவும் உண்டு. நெல்லியடியில் இருந்தபடியே செய்யலாம், உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கிற வழிகாட்டி ஒருவர் உம்முடைய கோடை வாசிப்பார். ஆனால் அதைக் கம்பஸ் இன்டர்ன்ஷிப்பாக ஏற்குமா என்று துறையில் எழுத்தில் கேட்டு வாங்காமல் இறங்க வேண்டாம். அத்தோடு, வருடத் தொடக்கத்தில் விண்ணப்பம் திறக்கிற நேரம் போய்க் கதவைத் தட்டினால் பிந்திவிடும். சில மாதம் முன்னதாகவே அந்தத் திட்டத்தின் கோடில் சின்னத் திருத்தங்கள் செய்து அவர்களுக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும். யாழ் ஐடி ஹப் என்ற தொழில்நுட்ப அமைப்பு நடத்துகிற நிகழ்வுகளுக்கும் ஒருக்கால் போய்ப் பாரும். யாழ்ப்பாணத்தில் எந்தக் கம்பனியில் ஆர் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார் என்ற தகவல் அப்படியான இடங்களில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில்தான் வரும்.

அப்பாவும் இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன். ஐயா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. மகளைத் தனியாகக் கொழும்புக்கு அனுப்புவது லேசான விசயம் இல்லை. ஒரு நாள் அவவோடு நீங்களும் போய் அந்தக் கம்பனியையும் தங்கப் போகிற அறையையும் பார்த்துவிட்டு வாருங்கோ. வேலை முடிகிற நேரத்தில் கந்தோர் வாசலில் நின்று, பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று பாருங்கோ. மருதானைப் பக்கத்துக் கம்பனி என்றால் வெள்ளவத்தையில் கரையோர ரயிலில் ஏறி நேரே இறங்கலாம், சீசன் டிக்கெட் எடுத்தால் மலிவு. பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் திருநெல்வேலி இருக்கிறது. ஆனால் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லாதேயுங்கோ. வீட்டில் இருந்து இறுதி வருடத்துக்குப் படிக்கட்டும் என்ற எண்ணத்தையும் ஒருக்கால் யோசியுங்கோ. ஆறு மாதம் வேலை செய்து பார்த்த பிள்ளைக்கு இறுதி வருடப் பாடம் பாதி இலேசாகிவிடும்.

ஆகவே பிள்ளை, நேர்முகத்துக்குப் போம், அதே கிழமை திருநெல்வேலியிலும் கேளும். இரண்டு இடமும் கிடைத்தால், உம்முடைய வேலையை வாசிக்கப் போகிறவரின் பெயரைச் சொல்லக்கூடிய இடத்தை எடும். இரண்டும் சொன்னால் நான் உம்முடைய இடத்தில் கொழும்பைத்தான் எடுப்பேன். புதிய ஆட்களோடு வேலை செய்து பழக இப்போது கிடைக்கிற வசதி, கலியாணம், குடும்பம் என்று வந்த பிறகு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. இது என்னுடைய அபிப்பிராயம், உம்முடைய வீட்டு நிலைமை உமக்குத்தான் தெரியும்.

கொழும்பு நேர்முகத்தை ஒன்லைனில் வைக்க முடியுமா என்று இன்றைக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளும், அதனால் மதிப்புக் குறையாது. முடியாது என்றால் முதல் நாளே போய்த் தங்கும். இரவு பஸ்ஸில் நித்திரை கொள்ளாமல் போய் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு நேர்முகத்தில் இருக்க வேண்டாம். ஒன்லைன் என்றால் லப்டொப் பட்டரியை முழுக்க ஏற்றி வையும். ரூட்டரை நம்பாமல் கைத்தொலைபேசி டேட்டாவையும் ஆயத்தமாக வைத்திரும். அன்றைக்கு உங்கள் பக்கம் மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று முதல் நாளே பாரும்.